ஒன்பது பேர், பதினெட்டு வீடு

அம்மாவின் சீட்டு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நீள நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. இருபது பெயர், தலைக்கு மாதம் ஐநூறு ரூபாய், ஏலச்சீட்டு. மூன்று பெயருக்கு எதிரே மட்டும் பென்சிலில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி. அடுத்த சீட்டில் இவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அர்த்தம். ரெண்டு பேர் கட்டாமல் இழுத்தடித்தவர்கள், சரி. மூன்றாவது பெண் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறார். "அப்புறம் ஏம்மா பெருக்கல்?" என்று கேட்டேன். "மக கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்த காசை எடுத்துக் கட்டிருக்கா. தெரியாம வாங்கிட்டேன். அந்த மாதிரிக் காசை வாங்கக் கூடாதுடி" என்றார்.

நான் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவள். டல்லாஸ் வந்து பதினாறு வருடம் ஆகிறது. 2019 நவம்பரில் ஃபோர்ட் வொர்த்தில், 1968ல் கட்டிய 18 வீட்டு அபார்ட்மெண்ட் ஒன்றை வாங்கினேன். வாங்கினேன் என்பது பேச்சுக்கு. தேவைப்பட்ட கைக்காசு 5 லட்சத்து 20 ஆயிரம் டாலர். அதில் என்னுடையது 70 ஆயிரம். மீதி 4 லட்சத்து 50 ஆயிரம், ஒன்பது பேர் தலைக்கு 50 ஆயிரமாகக் கொடுத்தது. "எப்படிக் கேட்டே? எப்படிக் கொடுத்தாங்க?" என்று ஆறு வருடமாக யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இந்தப் பதிவு.

எதற்கு 18 வீடு, பேசாமல் ரெண்டு வீடு சேர்ந்த ஒரு டூப்ளெக்ஸ் வாங்கியிருக்கலாமே என்பார்கள். வாங்கியிருக்கலாம். நான்கு வீடு வரைக்கும் இங்கே சாதாரண வீட்டுக் கடன்தான். நாமே ஒன்றில் குடியிருந்தால் அரசு உத்தரவாதம் தரும் எஃப்.எச்.ஏ. கடனில் மூன்றரை சதவீத முன்பணத்திலேயேகூட வாங்கிவிடலாம். பணம் திரட்டாமல் ஆரம்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது, இன்றைக்கு யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன். ஐந்தாவது வீடு சேர்ந்ததும் அது வணிகக் கடன் ஆகிவிடுகிறது. வங்கி உங்கள் சம்பளத்தைவிடக் கட்டடத்தின் சம்பளத்தைத்தான் உற்றுப் பார்க்கும். விலையும் பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்பதை வைத்து அமைவதில்லை. வாடகையிலிருந்து செலவெல்லாம் போக, கடன் தவணைக்கு முன்னால் நிற்கும் தொகைதான் நிகர இயக்க வருமானம், என்ஓஐ. கேப் ரேட் என்பது அந்த ஏரியாவில் இது மாதிரிக் கட்டடங்கள் விலைக்கு எத்தனை சதவீத என்ஓஐ தருகின்றன என்ற விகிதம். என்ஓஐயை அதால் வகுத்தால் விலை. என் கட்டடத்தில் வீட்டுக்கு மாதம் 100 டாலர் வாடகை ஏறினால், காலி நாட்களைக் கழித்து வருடத்துக்கு 20 ஆயிரம் டாலர். 6.7 சதவீதத்தால் வகுத்தால் கட்டடத்தின் மதிப்பு 3 லட்சம் கூடுகிறது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்சூரன்ஸ் 10 ஆயிரம் ஏறினால் அதே வகுத்தல் ஒன்றரை லட்சத்தைக் கொண்டுபோய்விடும் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

முதல் முயற்சி இது இல்லை. 2018ல் ஒரு 12 வீட்டுக் கட்டடம் கைக்கு வந்தது. நான் செய்த முதல் காரியம், எங்கள் ஏரியா தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் க்ரூப்பில் கட்டடத்தின் படத்தைப் போட்டு, "வருஷத்துக்கு 12% நிச்சயம், சேர விரும்புறவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று எழுதியது. கூடவே கைகூப்பும் எமோஜி. ரெண்டே நாளில் நாற்பது பேர் கேட்டார்கள். தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் வக்கீலைத் தேடினேன். அதுவே தலைகீழ்.

வக்கீலம்மா ரெண்டே கேள்வி கேட்டார். அந்த க்ரூப்பில் எத்தனை பேர்? 212. அதில் எத்தனை பேர் வீட்டுக்கு நீ போயிருக்கிறாய்? இருபது இருக்கும். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

நான் விற்றது கட்டடத்தின் பங்கை அல்ல, செக்யூரிட்டியை, அதாவது கம்பெனிப் பங்கு மாதிரிச் சட்டக் கட்டுப்பாடு உள்ள ஒரு முதலீட்டை. இது எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது. 1946ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்ட வழக்கு ஒன்று போனது. ஹோவி என்ற கம்பெனி சுற்றுலா வந்தவர்களுக்குத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றது. வாங்கியவர்களுக்கு விவசாயம் தெரியாது. மரத்தைப் பராமரித்து, பழத்தைப் பறித்து விற்று, லாபத்தைப் பிரித்துக் கொடுப்பதெல்லாம் கம்பெனி வேலை. நிலம்தானே விற்றோம் என்று கம்பெனி வாதாடியது. ஒருவர் பணம் போட்டு, அது பொதுவான ஒரு தொழிலில் சேர்ந்து, அடுத்தவர் உழைப்பில் லாபத்தை எதிர்பார்த்தால் அது முதலீட்டு ஒப்பந்தம், முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஸ்.இ.சி.யின் கண்காணிப்புக்குள் வரும் என்று தீர்ப்பு ஆனது. ஆரஞ்சு இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட், சுற்றுலாப் பயணிகள் இருந்த இடத்தில் எங்கள் ஐ.டி. ஜனம். அவ்வளவுதான் வித்தியாசம்.

செக்யூரிட்டி என்றால் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் விலக்கு ஒன்றுக்குள் நிற்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் நிற்பது ரெகுலேஷன் டி. 1982ல் வந்தது. (நம் ஊரில் சிட் ஃபண்ட் சட்டம் வந்ததும் அதே 1982. அம்மாவின் சீட்டு எந்தப் பதிவாளரையும் பார்த்ததில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம்.) அதில் 506 பி என்று ஒரு வாசல். எவ்வளவு வேண்டுமானாலும் திரட்டலாம், ஆனால் விளம்பரம் கூடாது. ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்கலாம். தெரிந்தவர் என்றால் முகம் தெரிந்தவர் இல்லை, அவருடைய பண நிலைமையும் புரிதலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் அளவுக்கு உறவு. அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளராக இல்லாதவர்கள் 35 பேர் வரை சேரலாம், ஆனால் அவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும், கொடுக்க வேண்டிய ஆவணங்களும் கூடும். இன்னொரு வாசல் 506 சி, 2013 செப்டம்பரிலிருந்து. அதில் ஊருக்கே தண்டோரா போடலாம். ஆனால் உள்ளே வரும் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்டவராக இருக்க வேண்டும், வாய் வார்த்தையாக இல்லை, சரிபார்த்தாக வேண்டும். தனியாள் என்றால் கடந்த ரெண்டு வருடமும் 2 லட்சத்துக்கு மேல் வருமானம், தம்பதி என்றால் சேர்த்து 3 லட்சம், இந்த வருடமும் அதே அளவு எதிர்பார்க்க நியாயம் இருக்க வேண்டும். அல்லது குடியிருக்கும் வீட்டைக் கழித்து 10 லட்சம் டாலர் சொத்து.

என் வாட்ஸ்அப் மெசேஜ் முதல் வாசலைச் சாத்திவிட்டது. ரெண்டாவது வாசல் வழியாகப் போகலாம் என்று, கேட்ட நாற்பது பேரில் முதல் ஏழு பேரிடம் வரி தாக்கல் நகலோ ஆடிட்டர் கடிதமோ வேண்டும் என்றேன். நான்கு பேர் அதற்குப் பிறகு பதிலே போடவில்லை. ஒருவர், "ஏம்மா, என்னை நம்பலையா?" என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார். பணம் கொடுக்க வந்தவரிடம் சம்பளச் சீட்டைக் கேட்பது நம் ஆட்களிடம் எவ்வளவு பெரிய அவமானம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். "12% நிச்சயம்" என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு என்று வக்கீலம்மா தனியாக ஒரு பாட்டம் திட்டினார். எந்த விலக்குக்குள் நின்றாலும் மோசடித் தடைச் சட்டத்துக்கு விலக்கு இல்லை. அந்த டீலை விட்டேன். ஆய்வுக்கும் ஒப்பந்தத்துக்கும் கொடுத்த 6,200 டாலர் போனது. மெசேஜை அழித்தேன். எமோஜி மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருடம் எந்தக் கட்டடத்தையும் காட்டி யாரிடமும் பேசவில்லை. பேசியதெல்லாம், "நான் இந்த வேலையில இறங்கப் போறேன், இது எப்படி ஓடும்னு சொல்றேன், கேட்கிறீங்களா?" என்பதுதான். ஒரு எக்செல் ஷீட். பெயர், எந்த வருடத்திலிருந்து பழக்கம், எப்படிப் பழக்கம், என்றைக்கு என்ன பேசினோம். இது வக்கீலம்மா சொன்ன நான்கு பத்தி. ஐந்தாவது நானாகச் சேர்த்தது: எந்தப் பணம்.

அந்த ஐந்தாவது பத்திதான் நிறையப் பேரைக் கழித்தது. என் டீமில் ஒரு தம்பி, கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன். "அக்கா, 50 ரெடியா இருக்கு" என்றான். எங்கிருந்து என்று கேட்டால் வீடு வாங்க வைத்திருக்கும் முன்பணம். அடுத்த வருடம் வாங்கப் போகிறானாம். என்னிடம் கொடுத்தால் ஐந்து வருடத்துக்குத் திரும்பி வராது, இடையில் வேலை போய் அறுபது நாளில் ஊருக்குக் கிளம்ப நேர்ந்தாலும் வராது என்றேன். "பரவாயில்லக்கா, உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றான். நம்பிக்கை இருக்கிறது என்று சொல்பவரிடம் வேண்டாம் என்பது, இல்லை என்பவரிடம் கெஞ்சுவதைவிடக் கஷ்டம். மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எதிரே ஒரு பெருக்கல் குறி போட்டேன், அதே மாதிரி.

இன்னொரு ஆள் வேறு வகை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பழக்கம். "பத்து பேரைக் கூட்டிட்டு வர்றேன், ஆளுக்கு ரெண்டு பர்சென்ட் எனக்குத் தள்ளிடுங்க" என்றார். கேட்க இனிப்பாக இருந்தது. உரிமம் இல்லாதவருக்கு அப்படிக் கமிஷன் கொடுப்பது 1934ம் வருடச் சட்டத்தின்படி புரோக்கர் வேலை, பின்னால் முதலீட்டாளர்கள் மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேட்க அதுவே வழிவிடும் என்று வக்கீலம்மா சொன்னார். நான் இனிமேல் பாட்லக்குக்குப் போவதாக இருந்தால் சாம்பார் மட்டும் கொண்டுபோகச் சொன்னார்.

ஏன் எல்லாரும் சேர்ந்து கூட்டாக வாங்கக் கூடாது, அப்போது செக்யூரிட்டி தொல்லையே இல்லையே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நிஜமாகவே ஒவ்வொருவரும் முடிவெடுத்து, வேலை பார்த்தால் ஆரஞ்சுத் தோட்டத் தீர்ப்பு பொருந்தாது. ஆனால் என் ஒன்பது பேரில் ஐந்து பேர் எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள். அவர்கள் பணம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். இறங்கி நிர்வாக வேலை பார்த்தால் விசாவுக்கு ஆபத்து. ஆக, சும்மா இருந்தால் எஸ்.இ.சி., சும்மா இல்லாவிட்டால் குடியேற்றத் துறை. சும்மா இருப்பதே மேல் என்று முடிவானது. நான் நிர்வாகி, அவர்கள் உறுப்பினர்கள், எல்எல்சி என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள ஒரு கம்பெனி.

2019 ஜூலையில் ஃபோர்ட் வொர்த் கட்டடம் வந்தது. கேட்ட விலை 14 லட்சத்து 90 ஆயிரம். விற்பவர் கொடுத்த பன்னிரண்டு மாதக் கணக்கு பளிங்கு மாதிரி இருந்தது, காலி வீடே இல்லை. வாடகைப் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினால் மூன்று பேர் கடைசி முப்பது நாளில் குடி வந்தவர்கள். விற்பதற்காக அவசரமாக ஆள் நிரப்பியிருக்கிறார்கள். வங்கியில் விழுந்த பணத்தோடு ஒவ்வொரு மாதத்தையும் பொருத்திப் பார்த்தேன். அது என் தொழில், ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணி எது ஒட்டவில்லை என்று பார்ப்பது.

சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டதை மட்டும் மறக்க முடியாது. வார்ப்பிரும்புக் குழாய், ஐம்பது வருடம். ப்ளம்பர் புல்தரையில் மண்டியிட்டுக் கம்பியைத் தள்ளத் தள்ள, நான் பக்கத்தில் குந்தி அந்தக் குட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பான வட்டம், வட்டம், வட்டம். இருபத்து இரண்டாவது அடியில் வட்டத்தின் கீழ்ப்பாதி இல்லை. அரித்துப் போய் மண் தெரிகிறது. அந்த மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக, தலைமுடி மாதிரி, மர வேர் எட்டிப் பார்க்கிறது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இது நல்ல செய்தி என்றார். ஏனென்று கேட்டேன். இன்னும் நீ வாங்கவில்லையே என்றார். அந்த வீடியோவை வைத்து 50 ஆயிரம் குறைத்தோம். 14 லட்சத்து 40 ஆயிரம்.

வங்கி 75 சதவீதம் கொடுத்தது, 10 லட்சத்து 80 ஆயிரம், 5 சதவீத வட்டி, ஐந்து வருடத்துக்கு நிலையானது, தவணை இருபத்தைந்து வருடக் கணக்கில். அரசு ஆதரவுள்ள கடன் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் வழியாக வரும் கடன் என்றால் பொதுவாக நம் தலையில் தனிப்பட்ட பொறுப்பு விழாது. ஆனால் கடன் தொகை அளவுக்குச் சொத்தும் அனுபவமும் கேட்பார்கள். என்னிடம் ரெண்டும் இல்லை. உள்ளூர் வங்கிதான், நானும் என் வீட்டுக்காரரும் சொந்தப் பொறுப்பில் கையெழுத்து. கையெழுத்து போடுவதற்கு முன்னால் அவர் ஒரு வாரம் பேசவில்லை. போட்டுவிட்டு, "இனிமே இதப் பத்தி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பேசக் கூடாது" என்றார். ஒன்பது பேருக்கு அந்தப் பொறுப்பு இல்லை, போட்ட 50 ஆயிரத்தோடு சரி.

கைக்காசுக் கணக்கு இது: முன்பணம் 3,60,000. வக்கீல், ஆய்வு, பதிவுச் செலவெல்லாம் 35,000. பழுது பார்க்க 90,000. கையிருப்பு 35,000. அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டால் வருமான சதவீதம் அழகாகத் தெரியும் என்று ஒரு நண்பர் சொன்னார். வெட்டவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. முதல் வருடம் 4 சதவீதம்தான் கைக்கு வரும் என்று எழுதினேன். உறுப்பினர்களுக்கு வருடம் 7 சதவீதம் முன்னுரிமை, அந்த வருடம் கொடுக்க முடியாவிட்டால் சேர்ந்துகொண்டே போகும், அதைத் தாண்டிய லாபத்தில் அவர்களுக்கு 70, எனக்கு 30. 12% நிச்சயம் என்று எழுதிய அதே கை.

ஒன்பது பேரில் எட்டு பேர் எண்பது பக்க முதலீட்டு ஆவணத்தைப் படிக்காமலே கையெழுத்து போட்டிருப்பார்கள் என்பது என் யூகம். படித்தவர் ஒருவர். எங்கள் தெருவில் இருக்கும் அக்கா, ஐசியூ நர்ஸ். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, சாப்பாட்டு மேசையில் ஆவணத்தைப் பரப்பி, பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தார். அத்தனை நாளும் எல்லாரும் என்னைக் கேட்ட கேள்வி ரெண்டுதான். எவ்வளவு வரும், உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார். அக்கா டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"எல்லாம் சரி. நீ செத்துப்போயிட்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காத. தினம் பாக்கறேன், நாப்பது வயசு, முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்தேன்னு வர்றாங்க. இதுல எல்லாத்துக்கும் நிர்வாகி, நிர்வாகின்னு போட்டிருக்கு. அந்த நிர்வாகி நீ ஒருத்திதான். நீ இல்லேன்னா யாரு வாடகை வாங்குவா? பேங்க்காரன் கடனைத் திருப்பிக் கேப்பானா? உன் வீட்டுக்காரர் என்ன செய்வார், அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாதே?"

அடுத்த நாள் வக்கீலம்மாவுக்கு ஃபோன். நிர்வாகி இறந்தாலோ முடியாமல் போனாலோ யார் பொறுப்பேற்பது, உறுப்பினர்கள் எப்படி ஓட்டுப் போட்டு மாற்றுவது என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்எல்சி பெயருக்குப் பணம் வருகிற மாதிரி என் மேல் பத்து வருட டேர்ம் பாலிசி ஒன்று எடுத்தேன். அக்கா காசோலை கொடுத்தார். ஒருவருடைய பணம் பழைய கம்பெனியின் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து, எதில் போடுவது என்று நாமே முடிவு செய்யும் செல்ஃப் டைரக்டட் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலக் கணக்கு வழியாக வந்தது. அந்தக் காப்பாளர் நிறுவனம் பணத்தை அனுப்ப எடுத்துக்கொண்ட மூன்று வாரத்தில் எனக்கு முடி நரைத்தது. கடன் வாங்கிய கட்டடத்தில் ஐஆர்ஏ பணம் இருந்தால் கடன் பங்குக்கு உண்டான வருமானத்துக்குத் தனி வரி உண்டு என்பதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டதால் பின்னால் சண்டை வரவில்லை. முதல் முதலீட்டாளர் உறுதியாகச் சேர்ந்த பதினைந்து நாளுக்குள், விலக்குக்குள் நின்று பணம் திரட்டுவதை எஸ்.இ.சி.க்குத் தெரிவிக்கும் ஃபார்ம் டி. அதுவும் முடிந்தது.

நவம்பரில் பதிவு, மார்ச்சில் கொரோனா. என்னுடையது உள்ளூர் வங்கிக் கடன் என்பதால் மத்திய அரசு ஆதரவுள்ள கடன் கொண்ட கட்டடங்களில் குடியிருப்போரை வெளியேற்றக் கூடாது என்ற 2020 மார்ச் மாத கேர்ஸ் சட்டத்தின் தடை எங்கள் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை. செப்டம்பரில் நோய்த்தடுப்பு மையமான சிடிசி போட்ட உத்தரவு பொருந்தியது. நான்கு வீட்டு வாடகை நின்றது. அதில் ரெண்டு பேர் ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள், அவர்களிடம் என்ன கேட்பது. ஒன்பது பேருக்கும் பணப் பங்கீட்டை நிறுத்துகிறேன் என்று எழுதினேன். அந்த மெயிலை அனுப்பும் பொத்தானை அழுத்த ஒரு மணி நேரம் ஆனது. அழுத்தியதும் முதல் பதில் அரை நிமிடத்தில்: "ஓகே." அவ்வளவுதான்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மின்சாரமே படுத்துவிட்ட அந்தப் பனி. ஆறு வீட்டில் குழாய் வெடித்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடி, ஓடிய இடத்திலேயே உறைந்து கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். இன்சூரன்ஸ் கொடுத்தது, நம் பங்கைக் கழித்துக்கொண்டு. அந்தப் பங்கை யாரிடமும் கையேந்தாமல் கட்ட முடிந்தது 35 ஆயிரம் கையிருப்பால். அதே மாதம் மாநிலத்தின் வாடகை உதவித் திட்டம் திறந்தது, பாக்கி நின்ற வாடகையில் பெரும்பகுதி அதில் வந்தது. மொத்தம் ஐந்து காலாண்டு ஒரு டாலர்கூடப் பங்கு கொடுக்கவில்லை. ஆனால் மாதக் கணக்கு ஒரு மாதமும் நிற்கவில்லை. உடைந்த குழாயின் படத்தோடு அனுப்பினேன்.

இனி என் தப்பு. 2022 ஜனவரியில் ஒரு புரோக்கர் 22 லட்சத்துக்கு ஆள் கொண்டுவந்தார். கடனை அடைத்து, செலவு போக, 5 லட்சத்து 20 ஆயிரம் 10 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும், ரெண்டே கால் வருடத்தில். ஒன்பதில் மூன்று பேர் விற்கலாம் என்றார்கள். ஒப்பந்தப்படி முடிவு என்னுடையது. இன்னும் ஏறும் என்றேன். வாடகை ஏறிக்கொண்டிருந்தது, எனக்கும் கொஞ்சம் தலை கனத்திருந்தது. மார்ச்சில் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்ற ஆரம்பித்தது, 2023 ஜூலைக்குள் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்தே கால் சதவீதத்துக்கு மேல். சந்தையோடு ஏறி இறங்கும் மிதக்கும் வட்டியில் வாங்கியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் முழுகினார்கள். அவர்களிடம் பணம் போட்ட நம் ஆட்கள் மொத்தத்தையும் இழந்தார்கள். எங்கள் வட்டி நிலையானது, அதனால் மூச்சு விட்டோம். ஆனால் 2024ல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாடகை 900லிருந்து 1,200 ஆகியிருந்தது. இன்சூரன்ஸ் 8,100லிருந்து 23,400. சொத்து வரி தனி. 2022ல் இருந்த என்ஓஐ 1,12,900. 2024ல் 1,12,400. ரெண்டு வருட உழைப்புக்குப் பிறகு அதே தொகை, கீழே வகுக்கும் கேப் ரேட் மட்டும் 5.1லிருந்து 6.7 ஆகிவிட்டது. 22 லட்சம் இப்போது 16 லட்சத்து 80 ஆயிரம்.

நவம்பரில் ஐந்து வருடக் கடன் முடிந்தது. பாக்கி 9 லட்சத்து 57 ஆயிரம். அதே வங்கி, 7 சதவீதம், இன்னும் ஐந்து வருடம். வருடத் தவணை சுமார் 76 ஆயிரத்திலிருந்து 81 ஆயிரம். தாங்கும். ஐந்து வருடத்தில் விற்பேன் என்று சொன்னதை மட்டும் காப்பாற்ற முடியாது. ஒன்பது பேருக்கும் நீளமாக ஒரு மெயில் எழுதினேன். 22 லட்சத்தை நான்தான் வேண்டாம் என்றேன், விற்றிருக்க வேண்டும், என் கணிப்பு தப்பு என்று முதல் பத்தியிலேயே போட்டேன். நீட்டிப்புக்கு ஒப்புதல் கேட்டேன். ஏழு பேர் சரி என்றார்கள். ஒருவர் வெளியேற விரும்பினார், இன்னொரு உறுப்பினர் அவருடைய பங்கை வாங்கிக்கொண்டார். முன்பு முன்பணத்தோடு வந்த தம்பி இதற்கிடையில் வீடு வாங்கி, கிருகப் பிரவேசத்துக்கு அழைத்திருந்தான்.

அக்காவிடமிருந்து மட்டும் ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு, ஷிஃப்ட் முடியும் நேரத்தில், ஒரு மெசேஜ் வந்தது. 22 லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"புதுக் கடன் 2029 நவம்பர் வரைக்கும்னு போட்டிருக்க. உன் பாலிசி என்னிக்கு முடியுது?"

பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 2029 அக்டோபர்.

ஏஜெண்ட் ஒன்பது மணிக்குத்தான் ஃபோனை எடுப்பார். உட்கார்ந்திருந்தேன்.